ஒரு நேரப் பீச்சல்

எங்க மாடு மேய்ச்சல் மாடு. புண்ணாக்கு கிடையாது, மூட்டைத் தீவனம் கிடையாது. உரமும் மருந்தும் படாத எங்க புஞ்சைப் புல்லுதான் அதுக்கு. காலையிலயும் சாயங்காலமும் நான்தான் பால் பீச்சணும். வீட்டுக்காரர் கிட்டப் போனாலே எத்திரும்.

மகளுக்குத் தலப்பிரசவம் இங்க சங்கரன்கோவில்லதான் ஆச்சு. வலி எடுத்த நேரத்துல, "பீச்சிட்டு ஓடி வந்துருதேன்"னு ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள பிள்ளை பிறந்துட்டு. ரெண்டாவது உண்டானப்போ திருநெல்வேலியில மாப்பிள்ளை வீட்டுல இருந்தா. "எம்மா, இந்தத் தடவையாவது நீ கூட இரு. எனக்குப் பயமா இருக்கு"ன்னு போன்ல அழுதா.

சாயங்காலப் பீச்சலை விட முடியுமான்னு மாட்டு டாக்டர்கிட்ட கேட்டேன். "மேய்ச்சல் மாடுதானக்கா, இனிமே காலையில மட்டும் பீச்சுங்க. கொஞ்ச நாள் கத்தும், கண்டுக்காதீங்க. பால் தானா குறைஞ்சிரும்"னார்.

கண்டுக்கக் கூடாதாம்! சொல்லுதவருக்கு என்ன? மொத நாள் சாயங்காலமே நான் பீச்சுத இடத்துல வந்து நின்னு கத்துச்சு. காம்புல பால் சொட்டுது. கதவைச் சாத்தினேன், காதைப் பொத்தினேன். முடியல. செம்பைத் தூக்கிட்டுப் போயிட்டேன். மறுநாளும் அதே கதைதான். நாளையில இருந்து நிறுத்திருவோம், நாளையில இருந்து நிறுத்திருவோம்னே ஒரு மாசம் போச்சு. மக கேக்கும்போதெல்லாம், "மாடு பழகிட்டு மக்கா, நான் வந்துருவேன்"னு கூசாமப் பொய் சொன்னேன். என் வாயில கொள்ளிய வைக்க.

ஒரு நாள் மதியம் மாப்பிள்ளை கூப்பிட்டார். வலி வந்துட்டு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்னார். "ஏட்டி, கிளம்பு, ஒரு நாள் பீச்சலைன்னா மாடு செத்தா போகும்?"னு வீட்டுக்காரர் கத்துதார். பழக்காத மாட்டை நிறைமடியா விட்டுட்டுப் போனா மடி நோவு வந்து ஒரு காம்பே போயிரும்னு எனக்குப் பயம். ஓடிப் போயி மேய்ச்சல்ல இருந்து பத்திட்டு வந்து உக்காந்தேன். நேரம் முந்தி உக்காந்தா அது சுரக்குமா? கெஞ்சினேன், வைதேன், அது காலைக் கட்டிக்கிட்டு அழுதேன். அதுபாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நின்னுச்சு. வழக்கமான நேரம் வந்த பிறகுதான் பாலை விட்டுச்சு.

பஸ் பனவடலிசத்திரம் தாண்டும்போது போன் வந்தது. பொம்பளப் பிள்ளை, சுகப்பிரசவம். சந்தோசப்படவும் முடியல, வாயைத் திறந்து அழவும் முடியல.

ஆஸ்பத்திரியில மக முகம் வெளுத்துக் கிடந்தா. வைவான்னு நினைச்சேன். வைதிருந்தா தேவல. பிள்ளைய என் பக்கம் திருப்பிக் காட்டிட்டு, மெதுவா கேட்டா:

"எம்மா, பீச்சிட்டுத்தான வந்த?"