கோழியோடு பரதேசம் போன நாள்

எங்கள் ஊரில் மழையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால், யாரோ சம்பந்தி வீட்டாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். "வரேன்னாங்க, வரல." "மலை வரைக்கும் வந்தாங்களாம், நம்ம பக்கம் எட்டிக்கூடப் பாக்கல." மரியாதையும் குறையாது, மனத்தாங்கலும் குறையாது. அந்த வருஷம் மத்தியானமானால் மேகமெல்லாம் மலை உச்சியில் வந்து கூடும். கொஞ்ச நேரம் நம்மைக் குனிந்து பார்க்கும். பொழுது சாயும்போது ஒன்றுகூட இருக்காது. பூசாரி வீட்டு அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வாள்: "பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரியே பாத்துட்டு, சொல்லியனுப்புறோம்னுட்டுப் போயிடுது பாரு. பலகாரம் தின்ன வாய்க்கு ஒரு நல்ல வார்த்த வருதா?"

ஊர் இருந்த இடம் அப்படி. பாப்பிரெட்டிப்பட்டிக்கும் பொம்மிடிக்கும் நடுவில், தென்மேற்கே சேர்வராயன் மலை, கிழக்கே சித்தேரி மலை. ஆடியில் வருகிற மழையை அந்த மலை வாங்கிக்கொள்ளும், ஐப்பசியில் வருகிறதை இந்த மலை வாங்கிக்கொள்ளும். பந்தியில் நடுவில் உட்கார்ந்தவன் இலைக்கு வாளி வருவதற்குள் காலியாகிவிடுகிற மாதிரி, எங்களுக்கு மிச்சம்தான். ஆடியில் காற்று மட்டும் வரும். கூரையைப் பிய்க்கும், கண்ணில் மண்ணை அள்ளிப் போடும், ஒரு பொட்டுத் தண்ணீர் தராது. மலையில் பெய்தால் ஆறு வரும். ஆறு என்று மரியாதைக்குச் சொல்கிறோம். வருஷத்தில் பாதி நாள் அது வெறும் மணல், அதில் ஊத்துத் தோண்டிக் கொட்டாங்குச்சியால் தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றுவோம்.

நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஏழு வயசு. அந்த வருஷம் ஆடியும் பொய்த்து, ஆவணியும் பொய்த்து, புரட்டாசி முக்கால்வாசி போய்விட்டது. விதைத்த கடலை முளைத்ததும் கருகிவிட்டது. ஊத்துக்குழி என் உயரத்துக்குமேல் ஆழமாகிவிட்டது. மலைக் குரங்குகள் கூட்டமாக இறங்கி வந்து புளியமரங்களில் குடியேறின. "அதுங்க ஊர்லயும் பஞ்சம் போல" என்ற அம்மா, நாங்கள் உமிழ்ந்த புளியங்கொட்டையைக்கூடத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. கட்டட வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர். காலில் பூட்ஸ், கையில் பன் பொட்டலம், பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு கன்னடம். பெங்களூரில் தினமும் சாயங்காலம் மழை பெய்கிறது என்றார். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது என்றார். எனக்கு இரண்டில் எது பெரிய அதிசயம் என்று முடிவு செய்ய முடியவில்லை. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மாவிடம், "பாய்கிட்ட சொல்லிட்டேன். சந்தைக்கு மறுநாள் வந்து மாட்டைப் பிடிச்சுக்கிறேன்னாரு. விதைக்கு வச்ச கொள்ளு இருக்குதில்ல, அதை அவிச்சுப் புள்ளைக்குப் போடு. போற எடத்துல என்ன நெலமா இருக்குது வெதைக்க?" என்றார்.

அம்மா "சரிங்க" என்றாள். மறுநாள் அடுப்பில் ஏதோ அவிந்தது. எனக்குக் கிடைத்தது என்னவோ கீரைதான். நான் கேட்கவில்லை. பன் இருந்ததே.

நாங்கள் பெங்களூர் போகப்போவதை வீட்டில் யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. ஊரைவிட்டுப் போவது அப்போதெல்லாம் வெட்கப்படுகிற காரியம். கதவைச் சாத்திவிட்டு விடிவதற்குள் போய்விடுவார்கள். மறுநாள் கதவில் பூட்டைப் பார்த்து மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

இதற்கு நடுவில் ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி மழைச்சோறு எடுப்பது என்று முடிவு செய்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை பொய்த்தால் பெண்கள் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் உப்பில்லாத களியோ கூழோ போடுவார்கள். அத்தனையையும் ஒன்றாகக் கலந்து, ஊர் எல்லையில் உட்கார்ந்து சாப்பிட்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். "மழையில்லாத ஊர்ல இனி எங்களுக்கு என்ன வேலை, பரதேசம் போறோம்" என்று எழுந்து நடப்பார்கள். ஆண்கள் ஓடி வந்து மறித்து, "போகாதீங்க தாயே, மழை வரும், திரும்பி வாங்க" என்று கூப்பிடுவார்கள். பெண்களே போகிறார்களே என்று வானம் பதறி இரங்கும் என்று கணக்கு. வானத்துக்கும் பயம் காட்டிப் பார்க்கிற ஊர் எங்களுடையது.

இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்குப் பூசாரி வீட்டு அத்தை எங்கள் வாசலில் நின்று, "நாளைக்கு எல்லாரும் பரதேசம் போறோம், புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொன்னபோது, என் காதுக்கு ஒன்றுதான் விளங்கியது. பரதேசம் என்றால் பெங்களூர். பொம்மிடியில் ரயில் ஏற வேண்டும். ஊரே வருகிறது. இவ்வளவு பேருக்கு ரயிலில் இடம் இருக்குமா என்பதுதான் என் ஒரே கவலை.

மறுநாள் அம்மா முன்னாடியே பெண்களோடு போய்விட்டாள். நான் போன தீபாவளிக்கு எடுத்த சிவப்புப் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டேன். சிலேட்டைப் பையில் போட்டேன். அப்புறம் கோழி ஞாபகம் வந்தது. எல்லாரும் போய்விட்டால் கோழிக்கு யார் தீனி வைப்பார்கள்? கூரை மூலையில் அது முட்டையிடுகிற கூடை தொங்கிக்கொண்டிருந்தது. முக்காலி போட்டு இறக்கி, கோழியை உள்ளே உட்காரவைத்து, அம்மாவின் பழைய துணியால் மூடிக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டேன். ஒரு கோழிக்கு அந்தக் கூடை ஏன் இவ்வளவு கனக்கிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பயணம் என்றால் கனக்கத்தானே செய்யும்.

ஊர் எல்லை ஆற்று மணல். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கிழிந்த புடவை, விரித்த தலை. பூசாரி வீட்டு அத்தை, ஆடு குடிக்கத் தண்ணியில்லை, ஆளைப் புதைக்க ஈரமண் இல்லை என்று இழுத்து இழுத்துப் பாட, மற்றவர்கள் மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். கரையில் ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கூப்பிட வேண்டிய நேரத்துக்காகக் காத்திருந்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும் அங்கேதான்.

நடுவில் சிவப்புப் பாவாடையும் பவுடரும் தலையில் கூடையுமாக நான் போய் நின்றேன். கூடைக்குள்ளிருந்து கோழி வேறு கொக்கரித்தது.

பாட்டு நின்றுவிட்டது. "யாருடி இவ, இழவு வூட்டுக்குப் பூ வச்சுக்கிட்டு வர்றவ?" என்றாள் ஒருத்தி.

"எங்கே கண்ணு கெளம்பிட்ட?" என்று கேட்டாள் அத்தை.

"பரதேசத்துக்கு. சித்தப்பாகூட பெங்களூருக்கு. மாட்டை பாய்க்குக் குடுத்துட்டுப் போறோம். நீங்க எல்லாரும் வர்றீங்கல்ல? ரயில்ல எனக்கு ஜன்னலோரம்."

சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கரைப் பக்கம் திரும்பியது. அப்பா தரையைப் பார்த்தார். எனக்கோ கழுத்து வலி. கூடையை இறக்கப் போனேன், அது சாய்ந்தது. துணி அவிழ்ந்து கோழி பறந்து, மழைச்சோற்றுப் பானையில் ஒரு கால் வைத்து, ஆற்றைத் தாண்டி ஓடியது. வைக்கோல் கொட்டியது. வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு துணிமூட்டை உருண்டு வந்து முடிச்சு அவிழ்ந்தது. பூச்சி அண்டாமல் சாம்பல் பிசறிய விதைக் கொள்ளு. மணலில் பரவிக் கிடந்தது.

அம்மா பாய்ந்து வந்து முந்தானையைப் போட்டு அதை மறைத்தாள். மணலோடு சேர்த்துக் கொள்ளை மடியில் அள்ளினாள். திடீரென்று அழ ஆரம்பித்தாள். மாரில் அடித்துக்கொள்ளவில்லை, இழுத்துப் பாடவில்லை. குனிந்து கொள்ளைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். மற்றவர்கள் அழுததை விட இது மோசமாக இருந்தது. அம்மாவுக்குச் சரியாக அழத் தெரியவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அத்தை கெட்டிக்காரி. நிலைமை வேறு பக்கம் போவதைப் பார்த்துச் சட்டென்று பாட்டை எடுத்தாள். பெண்கள் எழுந்து அக்கரைப் பக்கம் நடந்தார்கள். ஊர்க்கவுண்டர் முன்னால் ஓடி வந்து, கையைக் கூப்பி, "போகாதீங்க தாயே, மழை வரும், வூட்டுக்கு வாங்க" என்று மூன்று தரம் கூப்பிட்டார். அத்துடன் முடிந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புடவையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு, அடுப்பில் வைத்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"எந்திரிம்மா, அதான் கூப்பிட்டாச்சே" என்றார் கவுண்டர்.

"ஊரு கூப்பிட்டுச்சுங்க. எங்க வூட்டுக்காரரு இன்னும் கூப்பிடல."

அப்பா நாலடி முன்னால் வந்தார். "எல்லாருக்கும் சேத்துத்தானே கூப்பிட்டாங்க. எந்திரி புள்ள."

"எல்லாரும் சொல்றதை வானம் கேட்டுக்கட்டும். நீங்க சொல்றதை நான் கேக்கணும்."

சித்தப்பா, "அண்ணி, வெளையாட்டு முடிஞ்சிருச்சுங்க" என்றார்.

"எனக்கு இன்னும் முடியலைங்க தம்பி" என்றாள் அம்மா.

அப்பா அம்மாவின் மடியைப் பார்த்தார். "அவிச்சுட்டேன்னு சொன்ன?"

"கீரையை அவிச்சேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வைதான் என்று நினைத்தேன். "சரி, ஐப்பசி வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

"பாக்கலாம்னா?"

அப்பா சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. "போகல. போகாத, எந்திரி. மழை வரும்."

அம்மா எழுந்துவிட்டாள். அப்பா குனிந்து மணலில் மிச்சமிருந்த கொள்ளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். வீடு வரைக்கும் அந்தக் கூடையை அவரே தலையில் சுமந்து வந்தார். வழியில் வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டே வந்தார், கிட்டத்தட்டப் பாட்டு மாதிரி. நான்தான் தெருவெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். ஜன்னலோரம் போய்விட்டதே! அன்றைக்கு நிஜமாகவே அழுதது நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா சாயங்காலம் தனியாகப் பொம்மிடிக்குப் புறப்பட்டார். கோபம் இல்லை. "அண்ணன் புடுங்கி வேற எடத்துல நடப் பாத்தாலும் அண்ணி வேரோட வரமாட்டாங்க" என்று சிரித்தார். சந்தைக்கு மறுநாள் பாய் வந்தார். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர், மாட்டு வியாபாரி. அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், அவர் மாட்டின் நெற்றியைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "நல்லதுங்க. எங்க ஆளுங்களும் வெள்ளிக்கெழம வெட்டவெளியில நின்னு மழைக்குத் தொழுதிருக்கோம். உங்க அழுகையோ எங்க தொழுகையோ, வந்துச்சுன்னா ரெண்டு பேரும் எங்களாலதான்னு சொல்லிக்கலாம்."

மழை உடனே வரவில்லை. வெயில் முன்னைவிடக் கொளுத்தியது. "சிவப்புப் பாவாடையைப் பாத்து மழை மெரண்டுடுச்சு" என்று என்னைக் கேலி செய்தார்கள். பானையில் கால் வைத்த கோழியையும் விடவில்லை. திரும்பி வந்த அது மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு காலை, நானும் அம்மாவும் ஊத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தோம். காற்று மாறியிருந்தது. புழுதிக் காற்று இல்லை, கிழக்கேயிருந்து கழுத்தைத் தொடுகிற காற்று. சேர்வராயன் மலை முழுக்கக் கறுத்து மூடியிருந்தது. எங்கள் தலைக்குமேல் வெயில். குழிக்குள்ளிருந்து அம்மா நிமிர்ந்து காதைத் தீட்டினாள். சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துக் கரையேறினாள். குடத்தைக்கூட எடுக்கவில்லை.

ஆறு வந்தது. பாய்ந்து வரும் என்று நினைத்தேன், ஊர்ந்து வந்தது. ஒரு பழுப்பு நாக்கு, ஓரமெல்லாம் நுரை, முன்னால் சருகைத் தள்ளிக்கொண்டு, மணலை நக்கிக் கறுப்பாக்கிக்கொண்டு வந்தது. மூங்கில் இலை, கடுக்காய், மலைத் தோட்டத்துக் காப்பிப் பழம் எல்லாம் அதில் மிதந்தன. அதுவரை நான் மோந்தறியாத வாசனை. ஈரக் காட்டின் வாசனை என்று பிற்பாடு தெரிந்தது. எங்கோ மேலே, நாங்கள் பார்க்காத காட்டில் பெய்த மழை, எங்களுக்குச் சொல்லியனுப்பிவிட்டது. ஊத்துக்குழி நிரம்பியது. எங்கள் குடம் மிதந்து போனது. அம்மா உட்கார்ந்து அழுத இடத்தின் மேல் தண்ணீர் ஏறி, அதையும் கடந்து போனது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் ஊரிலும் பெய்தது. அப்பா ஏர் கட்டினார். அம்மா அந்தக் கொள்ளை விதைத்தாள். ஆற்று மணலும் கூடவே கலந்திருந்ததால் விதைப்பது சுலபமாக இருக்கிறது என்று சிரித்தாள்.

வரப்பில் உட்கார்ந்து நான் கேட்டேன்: "அன்னிக்கு நீ அழுததாலதான் மழை வந்துச்சாம்மா?"

"மழைக்கு அழறதுக்குத்தான் ஊரே இருந்துச்சே கண்ணு" என்றாள் அம்மா, விதைப்பதை நிறுத்தாமல்.

அப்படியானால் நீ எதற்கு அழுதாய் என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கோழி உழவுசாலில் இறங்கி விதையைப் பொறுக்க ஆரம்பித்திருந்தது. அதை விரட்ட ஓடிவிட்டேன்.