ஏழு கால் தேள்

அத்தாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வாஷ்பேசின் குழாய்க்கு வாஷர் மாற்றியது. ஜனவரி முப்பத்தொன்று, சனிக்கிழமை காலை. தேக்காவில் அத்தாவின் ஐந்தாவது மாடி வீடு. நான் பாசிர் ரிஸ்ஸில் உள்ள என் வீட்டிலிருந்து வந்திருந்தேன்.

"டார்ச்ச என் மூஞ்சில அடிக்காதடா. குழாய்ல அடி லா."

"நான் கழட்டுறேன் அத்தா. நீங்க டார்ச் புடிங்க."

"இஞ்சினியர் மவன் டார்ச் புடிச்சா போதும். புரோட்டாக்காரன் கழட்டுவான்."

பழைய வாஷரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தேயவில்லை. விளிம்பில் வெடித்திருந்தது. புழக்கம் குறைந்தால் ரப்பர் காய்ந்து இப்படித்தான் வெடிக்கும். என் சின்ன வயதில் இதே குழாய்க்கு எட்டு மாதத்துக்கு ஒரு வாஷர் தேய்ந்துபோகும். அவரிடம் காட்டினேன்.

"அதுக்கு வேலை போயிடுச்சுடா," என்று சிரித்தார்.

மறுநாள் விடியலில் மாரடைப்பு. வயது அறுபத்து மூன்று. பெயர் அபுதாகிர். நோன்பு தொடங்கப் பதினெட்டு நாள் இருந்தது.

அந்த வாஷர் ஏன் தேயவில்லை என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

அத்தாவின் வலது முன்கையில் ஒரு தேள். 1979இல், பதினேழு வயதில் பச்சை குத்திக்கொண்டது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்று தையல் ஊசிகளை நூலால் கட்டி, மையில் தோய்த்து ஒரு நண்பன் குத்தினான். எட்டாவது காலுக்கு வருவதற்குள் அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அவன் போய்விட்டான். திரும்ப வரவில்லை. ஏழு கால்தான் என்று ஐந்து வயதில் நான் எண்ணிச் சொன்னேன்.

"மத்தவங்க யாரும் எண்ணுற அளவுக்கு நிக்க மாட்டாங்க," என்றார்.

அன்றைக்குக் கையில் பச்சை என்றால் கும்பல்காரன். அத்தா எந்தக் கும்பலிலும் இருந்ததில்லை. ஆனாலும் போலீஸ்காரர்கள் தெருவில் நிறுத்தி "கையக் காட்டு" என்பார்கள். காவலாளி வேலை ஒன்று கிடைத்தது. கையெழுத்துப் போடக் கையை நீட்டினார், சட்டைக் கை மேலேறியது, பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு அப்புறம்தான் அம்மாவே பார்த்தார். அம்மா சாயிரா பானு கேட்டது ஒரே கேள்வி: "இது என்ன, இறாலா?"

1988இல் நாகூர் கனி தன் புரோட்டாக் கடையில் அவரைச் சேர்த்தார். "வீச்சு நல்லாருக்கு. ஆனா கைய மூடிட்டு வீசு. குடும்பத்தோட வர்ற கடை," என்றார். அத்தா முப்பத்தொரு வருடம் கல்லுக்கு முன்னால் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு, மணிக்கட்டில் பொத்தானும் போட்டு, மாவு வீசினார். அந்தக் கல்லுக்கு முன்னால் நான் பத்து நிமிடம் நின்றிருக்கிறேன். அந்தச் சூட்டில் அதற்கு மேல் முடியவில்லை.

கடையில் மூடுவது சுலபம். பள்ளிவாசலில் முடியாது. தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் கையை முழங்கை வரை கழுவ வேண்டும். வரிசையாகக் குழாய்கள், வரிசையாக ஆட்கள், எல்லார் கையும் திறந்திருக்கும். அத்தா அந்தக் குழாய்ப் பக்கம் போனதே இல்லை. வீட்டில் ஒளு செய்து, பொத்தானைப் போட்டு, ஆறு நிமிடம் நடந்து பள்ளிக்குப் போவார். வழியில் ஒளு முறிந்தால் மறுபடி செய்ய வீட்டுக்கே திரும்பி வருவார். எட்டு மாதத்துக்கு ஒரு வாஷர் என்பது அந்தக் கணக்கு.

நான் தோல் மருத்துவமனைகளுக்கு லேசர் கருவி பழுதுபார்ப்பவன். 2021இல் கிளமெண்டியில் ஒரு கிளினிக்குக்கு அவரை அழைத்துப்போனேன். கறுப்பு மை, எட்டு முறை சுட்டால் போய்விடும் என்றேன். இரண்டு முறை உட்கார்ந்தார். வால் போயிற்று. வீட்டில் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"சாயிரா, உன் வாக்கு பலிச்சிருச்சு. இப்ப நெசமாவே இறால்தான்."

மூன்றாவது முறைக்கு வரவில்லை. இந்தக் கையோடு ஒளு கூடுமா என்று இமாமிடம் போனில், பெயர் சொல்லாமல், கேட்டிருக்கிறார். "செஞ்சதுக்கு வருந்தி தவ்பா கேட்டீங்களா?" "நாப்பது வருசமா கேக்குறேன்." "போதும். தண்ணி தோல்ல படுதுல்ல, ஒளு கூடும். உடம்ப ஏன் நோகடிக்கிறீங்க?"

அதற்குப் பிறகும் அவர் குழாய்ப் பக்கம் போகவில்லை. மார்க்கச் சட்டம் அவருக்குப் பிரச்சினை இல்லை. ஆட்கள்தான் பிரச்சினை.

அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. நோன்புக் கஞ்சியின் பெரிய அண்டா. 2019இல் கடையை மூடிய பிறகு நாகூர் கனிதான் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பொறுப்பு. மூன்று அண்டாவில் பெரியதற்கு ஒரு ஆள். காலையிலிருந்து கஞ்சி இறங்கும் வரை அதை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் அடிப்பிடிக்கும். அத்தாவின் கைப்பக்குவம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு வருடமும் அவருக்கு வெங்காயம்தான்.

"உனக்கு அண்டா எப்படிடா குடுக்குறது? லுஹர் தொழுகை நேரமானா காணாமப் போயிடுற," என்பார் நாகூர் கனி.

வீட்டுக் குழாய்க்குத்தான் போகிறார் என்று சொல்ல முடியாதே. ஐந்து வருடம் வெங்காயம் உரித்தார்.

போன வருடம் ஒன்பதாம் நோன்பு. அண்டாக்காரருக்குக் காய்ச்சல். கஞ்சி கிண்டும் துடுப்பு அத்தா கைக்கு வந்தது. முதல் அரை மணியிலேயே சட்டைக் கை கஞ்சியில் தோய்ந்துவிட்டது. பருத்தித் துணி சூட்டை விடாது. உதறினாலும் தோலோடு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். பொத்தானைக் கழற்றி அங்கேயே சட்டையை மடிக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்படியே வீடு வரை நடந்திருக்கிறார். மணிக்கட்டுக்கு மேல் நாலு அங்குலம் சிவந்துபோனது.

பாலிகிளினிக்கில் நர்ஸ் களிம்பு போட்டார். தேளைப் பார்த்தார், புண்ணைப் பார்த்தார், புண்ணைப் பற்றி மட்டும் பேசினார். "கட்டு வேணாம் அங்கிள். தண்ணி படலாம். துணி உரசக்கூடாது. ரெண்டு வாரம் முழுக்கை போடாதீங்க."

ரெண்டு வாரம் என்றால் மிச்ச நோன்பில் பாதிக்கு மேல். காய்ச்சல்காரர் வரப்போவதில்லை. ஒன்று வீட்டில் இருக்க வேண்டும், அல்லது அரைக்கையோடு போக வேண்டும். வீட்டில் அரைக்கைச் சட்டையே இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். ஆறு நிமிட நடை பதினைந்து நிமிடம் ஆனது.

அடுக்களையில் கிண்டினார். லுஹருக்கு பாங்கு சொன்னார்கள். துடுப்பை என்னிடம் கொடுத்தார். வீட்டுப் பக்கம் போகவில்லை. பள்ளிக் குழாய்க்குப் போனார். அண்டா பக்கத்திலிருந்தே, அடுக்களை வாசல் வழியாக எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்தார். திறந்தார். வலது கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து இரண்டு குழாய் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அத்தாவின் கை அப்படியே நின்றது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காலியான இடத்தில் நாகூர் கனி வந்து உட்கார்ந்தார். எண்பது வயது. உட்காரவே ஒரு நிமிடம் ஆனது.

"வால் எங்கடா?"

"என்ன முதலாளி?"

"தேளுக்கு வால் இருந்துச்சே. எங்க?"

"மவன் சுட்டுட்டான்."

"நல்ல மவன்." தன் கையைக் கழுவிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்: "முப்பத்தொரு வருசம் கல்லு முன்னாடி நின்ன. வெள்ளைச் சட்ட. நனைஞ்சா உள்ள என்ன இருக்குன்னு தெரியாதா? என் கடைக்குப் பேரே 'தேள்காரர் கடை'தான்டா. டாக்சில ஏறி அப்படித்தான் சொல்வாங்க."

"எங்கிட்ட யாருமே சொல்லல!"

"சொன்னா நீ வெக்கப்பட்டு ஓடிருவ. அப்புறம் புரோட்டா யாரு போடுறது, நானா?" முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டார். "மூடச் சொன்னவன் நான். இப்ப என் பேத்தி ஆபீஸ்ல மேனேஜரே கழுத்துல பச்சை குத்தியிருக்காராம். உன்ன மட்டும் சட்டைக்குள்ள வேக வச்சுட்டேன்."

குழாய் வரிசையே சிரித்தது. அத்தா கையை முழங்கை வரை, மூன்று முறை, கழுவினார். நிதானமாக. எல்லாரும் பார்க்க.

மாலை அஸர் தொழுகைக்கும் அங்கேயே ஒளு செய்தார். அன்று அண்டா அடிப்பிடிக்கவில்லை.

மறுநாள் அவர் பக்கத்துக் குழாயில் ஒரு புது ஆள். அஹ்சன், டாக்சி ஓட்டுநர், நாற்பத்தைந்து இருக்கும். தினமும் வாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுபவர். சட்டைக் கையை மடித்தார். தோள் வரை ஒரு பாம்பு.

"பாய், உங்க இறால என் பாம்பு முழுங்கிரும்."

"முழுங்கட்டும். மொதல்ல கையக் கழுவு."

அந்த நோன்பின் கடைசி நாள் வரை பெரிய அண்டா அத்தாவுடையது. புண் ஆறிய பிறகும் அரைக்கைதான். நோன்பு முடிந்த பிறகும் ஒளு பள்ளிக் குழாயில்தான். தள்ளி உட்கார்ந்தவர் கடைசி வரை தள்ளியேதான் உட்கார்ந்தார். ஆனால் கஞ்சி ரெண்டு பொட்டலம் கேட்டு வாங்கினார். "அண்டா யாருதுன்னு தெரிஞ்சுதான வாங்குறாரு," என்று அத்தா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வருடத்துக்கும் அவர்தான் என்று பெருநாள் அன்றே நாகூர் கனி சொல்லிவிட்டார்.

"செத்த பிறகு என்னைக் குளிப்பாட்டுறவங்க பாத்துருவாங்களேடா" என்று அத்தா முன்பு சொல்வதுண்டு. கடைசி வருடத்தில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அஹ்சனும் குளிப்பாட்டினோம். மையித்துக்கும் ஒளு உண்டு. வலது கையை முழங்கை வரை நான் கழுவினேன். ஏழு கால். சரியாக இருந்தது.

புதன்கிழமை அத்தாவின் போன் அடித்தது. தேக்கா சந்தையின் மேல்மாடித் தையற்காரர் செல்லக்கண்ணு. அவருக்குச் செய்தி தெரியாது. ஜனவரியில் அத்தா தன் ஆறு வெள்ளை முழுக்கைச் சட்டைகளை அவரிடம் கொடுத்திருக்கிறார், நோன்புக்குள் அரைக்கையாக வெட்டித் தர.

"நேத்து வந்து கைய வச்சுக் காட்டுறேன்னாரு. எந்த இடத்துல வெட்டணும்னு சாக்பீஸால கோடு போட்டுக்கணும். வரவே இல்லயே தம்பி?"

நான் சொன்னேன். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

"அப்ப சட்டைங்கள..."

"வெட்டணும் அண்ணே. பெரிய அண்டாவுக்கு இந்த வருசம் அஹ்சன்தான் ஆள். சனிக்கிழமை கூட்டிட்டு வரேன். கோடு அவர் கைல போடுங்க."