டிவிக்குச் சத்தம் போதவில்லை

அந்த ஸ்பீக்கர் பெட்டி கிட்டத்தட்ட மூன்று வாரம் அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டப்படாமலேயே கிடந்தது. கறுப்பு ரெக்சின் ஒட்டிய மரப்பெட்டி. முன்பக்கம் சல்லடை மாதிரி ஒரு துணி, பின்பக்கம் சுருட்டிக் கட்டிய ஒயர். அக்கா அதன்மேல் தன் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி, அதற்குமேல் துவைத்த துணிகளை மடித்து அடுக்கிவிட்டாள். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது. போன மாதம் என் மகன், புது டிவிக்குத் தனியாக ஸ்பீக்கர் வாங்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டான். வாங்கினால் வாங்கு, இல்லாவிட்டால் விடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். வேலை ஓடவில்லை. இதே கேள்வி ஒரு வீட்டைப் பாடாய்ப் படுத்தியதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

எழுபதுகளின் கடைசி அது. செவ்வாப்பேட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிப் பக்கம். அங்கிருந்து தினமும் வந்துபோவது நடக்காத காரியம். அதனால் மணவாள நகரில் இருந்த அக்கா வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டார் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். நெல் விவசாயத்தில் மழையை எதிர்பார்த்துச் சலித்துப்போனவர், மூத்த மகளை மாதச் சம்பளக்காரருக்குத்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்று தேடிப் பிடித்த மாப்பிள்ளை மாமா. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பெரிய பிரஸ் மெஷினில் ஆப்பரேட்டர். காலையில் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். "எங்க மாப்ள கம்பெனில கீறாரு" என்று சொல்லாமல் நைனாவால் ஒரு டீ குடிக்க முடியாது.

அந்தத் தெருவுக்கு முதல் டிவி மாமா வாங்கியதுதான். இழுத்து மூடுகிற கதவு வைத்த மரப்பெட்டி, நான்கு கால் ஸ்டாண்டு, மொட்டைமாடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஆன்டெனா கம்பம். மெட்ராசிலிருந்து படம் எங்கள் வீடு வந்து சேர்வதற்குள் பாதி உதிர்ந்து புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதற்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா போடும்போது தெரு முழுக்கக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பெண்களும் பிள்ளைகளும் தரையில், ஆண்கள் வாசற்படியில். நாற்காலி இரண்டுதான். ஒன்று மாமாவுக்கு. இன்னொன்று அவருடைய கம்பெனி சூப்பர்வைசருக்கு. அவர் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். மனைவியோடு தவறாமல் வருவார், நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். அவர் உட்கார்ந்த பிறகுதான் மாமா உட்காருவார்.

படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே மாமாவுக்குக் கோபம் வந்துவிடும். "இன்னா டிவி இது? வாய் அசையுது, சவுண்டே வரல" என்று எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டுவார். ஓரளவுக்கு மேல் கூட்டினால் அந்தப் பெட்டி கரகரவென்று வார்த்தைகளைக் கிழித்துப்போடும். பெண்கள் முகத்தைச் சுளிப்பார்கள். யாராவது எழுந்து குறைப்பார்கள், மாமா மறுபடியும் கூட்டுவார். விருந்தாளி வீட்டுக்காரரை எதிர்த்து என்ன சொல்ல முடியும்? "ஆமாண்ணே, இந்த செட்டுக்கு சவுண்டு கம்மிதான்" என்று ஒத்துப் பாடுவார்கள். அக்காவும் அதைத்தான் சொல்வாள், எல்லோருக்கும் முதலாக. வாங்கும்போதே அது பழுதான டிவி என்று கடைக்காரனைத் திட்டுவாள். எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. செய்தி வாசிக்கும்போது மட்டும் மாமா சத்தத்தைக் கூட்டுவதே இல்லை. எதிரே நேராக உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கவனிப்பார். சினிமாவுக்கு மட்டும் பழுதாகிற டிவியா என்று நான் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

ஒருநாள் சூப்பர்வைசர் அந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய மைத்துனர் மைக் செட் கடை வைத்திருந்தார், அங்கே சும்மா கிடந்ததாம். "வாராவாரம் உங்க ஊட்ல வந்து ஒக்காந்துகினு படம் பாக்குறோம், இதாவது செய்யணும் இல்ல. ரேடியோ கடை ஆள வுட்டு மாட்டிக்குங்க. சும்மா கணீர்னு கேக்கும்" என்றார். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னப் பையன் மாதிரி அதைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார். அக்கா காப்பி கொடுத்தாள், சிரித்தாள். அவர் வாசலைத் தாண்டியதும் சொன்னாள்: "ஸ்பீக்கரும் வாணாம், ஒண்ணும் வாணாம். குடுத்துட்டு வந்துடுங்க."

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மாமா கேட்பார், அக்கா மறுப்பாள். கரண்டு அதிகம் இழுக்கும் என்றாள். பக்கத்து வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்றாள். டிவியைப் பிரித்தால் கம்பெனிக்காரன் அப்புறம் ரிப்பேர் செய்து தரமாட்டான் என்றாள். எந்தக் காரணமும் ஒரு நாளைக்கு மேல் தாங்கவில்லை. மாமா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தது அந்த மாதத்தில்தான் முதல் தடவை. "ஊரே சவுண்டு இல்லன்னு சொல்லுது. ஓசில வந்தத மாட்றதுக்கு உனுக்கு இன்னாடி பேஜாரு?" என்றார். அக்கா அவருக்கு நேரே வந்து நின்று, முகத்தைப் பார்த்து, மெதுவாக, "வாணாம்" என்றாள். நானும் மாமா கட்சிதான். அக்காவை அமுக்குணி என்றேன், அல்பம் என்றேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மறுபடியும் ஸ்பீக்கர் பேச்சை எடுத்தேன். கீரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"டிவி நல்லாத்தான்டி கீது. அவருக்குத்தான் காது போச்சு."

எனக்குச் சட்டென்று ஏறவில்லை. அக்கா சொல்லிக்கொண்டே போனாள். பிரஸ் ஷாப்பில் விடாத இடி. அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலொழிய யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, எல்லோரும் கைஜாடையில்தான் பேசிக்கொள்வார்கள். டீ என்றால் ஒரு ஜாடை, நிறுத்து என்றால் ஒன்று, சூப்பர்வைசர் வருகிறார் என்றால் ஒன்று. அதனால் ஒருவனுக்குக் காது போனால் அந்த ஷாப்பில் கடைசியாகத்தான் தெரியவரும். வீட்டில் அவள் கண்டுபிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. அவரிடம் சொன்னபோது எரிந்து விழுந்தார், அதோடு அவளும் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவர் முகத்துக்கு நேரே நின்றுதான் பேசுகிறாள். குரலை உயர்த்துவதில்லை. உயர்த்தினால் பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பக்கத்து வீட்டிலிருந்து சூப்பர்வைசருக்குத் தெரியும். அக்கா இவ்வளவு அடக்கமாகப் பேசுகிறவளாக எப்போது மாறினாள் என்று நான் யோசித்ததே இல்லை. ஊரில் அவள் குரல் கொடுத்தால் களத்துமேட்டில் இருக்கிற நைனா திரும்பிப் பார்ப்பார்.

"இப்ப எல்லாரும் டிவியத்தான் திட்றாங்க. திட்டட்டும். அந்தப் பெட்டிய மாட்டிட்டா எல்லாருக்கும் கணீர்னு கேக்கும். இவரு மட்டும் கேக்கலன்னு எழுந்து போயி முடுக்குவாரு. அப்புறம் எதத் திட்றது?"

வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா என்று கேட்டேன். அவளுடைய முதல் பயம் அது இல்லை. அந்த மெஷினில் இரண்டு பேர் வேலை. எதிர் ஆள் தகட்டை உள்ளே வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்ததும் 'விடு' என்று கத்துவான், மாமா மிதியை மிதிப்பார், மேலிருந்து அச்சு இறங்கும். மாமா அவன் வாயைப் பார்த்து மிதிக்கிறார். அவன் வேறு எதற்காவது கத்தினால்? 'இரு' என்று கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால்? போன மழைக்காலத்தில் ஒருநாள் அந்த ஆளுடைய கையுறையின் நுனி மாட்டிக் கிழிந்ததாம், விரல் தப்பியது. "ஏதோ நினப்புல இருந்துட்டேன்" என்றாராம் மாமா. அக்காவுக்கு அது என்ன நினைப்பு என்று தெரியும். "அந்தப் பையனுக்குப் போன தையிலதான் கல்யாணம் ஆச்சு. நான் பஸ் சத்தம் கேக்குற வரிக்கும் தெனம் செத்துக்கினு கீறேன்" என்றாள். அழவில்லை. ஆய்ந்த கீரையையே மறுபடியும் ஆய்ந்தாள்.

இவ்வளவு தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாளே என்று அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் வேறு யாரிடம் போய் என்ன சொல்வாள்? கம்பெனி வேலை போனால் மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. நைனாவிடம் போய் நிற்பதைவிட அக்கா சாகச் சம்மதிப்பாள். அன்று சாயங்காலமே சூப்பர்வைசரை வழியில் பார்த்தேன். "இன்னாம்மா, இன்னும் மாட்டலியா? உங்க அக்காவுக்கு ஏன் இஷ்டமில்ல?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் அந்தத் துணி அடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டினாலும் சந்தேகம், மாட்டாவிட்டாலும் சந்தேகம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டோம். மறுநாள் காலையில் துணிகளை எடுத்துவைத்தாள், புடவையை உருவினாள், "ஆள வரச் சொல்லுங்க" என்று மாமாவிடம் சொன்னாள்.

ரேடியோ கடைக்காரர் வந்து டிவியின் முதுகைக் கழற்றினார். இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்துப் போட்டால் செட் தாங்காது என்று உள்ளே இருந்ததைத் துண்டித்துவிட்டு, இணைப்பை வெளிப்பெட்டிக்குக் கொடுத்தார். ஒயர் கூடத்தின் சுவர் ஓரமாக ஓடியது. அக்கா தன் திட்டத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். மாமாவின் நாற்காலிக் காலடியில் அவள் உட்காருவாள். கூட்டம் சிரித்தால் அவர் பாதத்தை ஒரு தட்டு. அவர் எழுந்து சத்தத்தைக் கூட்டப் போனால் வேட்டியைப் பிடித்து ஓர் இழுப்பு. மாமாவிடம் என்ன சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒத்துக்கொண்டார் என்பதிலேயே அவருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். காலையில் நிகழ்ச்சி எதுவும் கிடையாது, கடைக்காரர் போட்டுக் காட்டிய வெறும் இரைச்சலுக்கே நானும் அக்காவும் அதிர்ந்து நின்றோம், மாமா முகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

சாயங்காலம் வழக்கத்தைவிடக் கூட்டம். புது ஸ்பீக்கர் என்று அடுத்த தெருவிலிருந்தும் வந்திருந்தார்கள். முதல் வசனம் கணீரென்று விழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். சூப்பர்வைசர் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் படத்தைப் பார்க்கவே இல்லை, அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகைச்சுவை வந்தது, கூட்டம் சிரித்தது, அவள் விரல் தட்டியது, மாமாவும் சிரித்தார். கொஞ்சம் பிந்தித்தான். யாரும் கவனிக்கவில்லை. பாதிப் படம் இப்படியே போயிற்று. தப்பித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அப்போது சூப்பர்வைசரின் மனைவி குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் எழுந்திருப்பதற்குள், வீட்டுக்காரியைத்தானே கேட்டார் என்று அக்கா உள்ளே போனாள். அந்த நேரம் பார்த்து, சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த குழந்தை ஒன்று தூக்கக் கலக்கத்தில் காலை நீட்ட, ஒயர் பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டது. சத்தம் அடியோடு நின்றுபோயிற்று. "சவுண்டு! சவுண்டு!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். வாசற்படியில் இருந்தவர்கள் விசிலடித்தார்கள். மாமா அசையவில்லை. எல்லோருக்கும் முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் யாரோ வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். பிறகு மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், சூப்பர்வைசர் பக்கம் திரும்பிச் சிரித்தபடி சொன்னார்.

"இப்பத்தான் சார் சுத்தமா கேக்குது."

பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அக்கா தண்ணீர்ச் சொம்போடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். சூப்பர்வைசர் மாமாவின் முகத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கீழே கிடந்த ஒயரைப் பார்த்தார். பெரிய மனிதர்தான் அவர். மாமாவைப் பார்த்து, 'நல்லா இருக்கு' என்பதுபோலக் கையை ஆட்டினார். பிரஸ் ஷாப் ஜாடை. பிறகு தானே எழுந்து குனிந்து ஒயரைச் செருகினார். சத்தம் வந்தது. அதற்குப் பிறகு எவ்வளவோ சிரிப்புக் காட்சிகள் வந்தன, ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன ஆயிற்று என்று மாமாவுக்கு மட்டும் தெரியவில்லை. அக்கா மறுபடியும் அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள், ஆனால் தட்டவில்லை.

திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். அக்கா சமைத்தாள், பெருக்கினாள், பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். சாயங்காலம் பஸ் வழக்கமான நேரத்துக்கே வந்தது. மாமா உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மெஷின்லேருந்து எட்த்துட்டாங்க. நாளைலேருந்து ஸ்டோர்ஸ். நட்டு போல்ட்டு எண்ணிக்கினு கெடக்கணும். ஓவர்டைம் கெடையாது." மாட்டிய சட்டையை இழுத்துச் சரிசெய்தபடி சொன்னார்: "சூப்பர்வைசர்தான் நேரா வந்து நின்னுகினு, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னாரு. உன்னியாட்டம்."

நான் அழுதுவிட்டேன். அக்கா அழவில்லை. அவர் சாப்பிடுகிற தட்டைக் கழுவி எடுத்து வைத்தாள். உள்ளே போனாள். அடுப்பின் முன்னால், கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஊரில் களத்துமேட்டுக்குக் குரல் கொடுப்பாளே, அந்தக் குரலில் கத்தினாள்.

"சோறு போடட்டா?"

கூரையில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துபோனது. எதிர் வீட்டு அம்மா பயந்துபோய் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். மாமா திடுக்கிட்டுத் திரும்பினார்.

"ஏன்டி கத்தற? தெருவுக்கே கேக்குது."

அக்கா திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள்.

"கேக்கட்டும்!"