தூதரகத்துக்குப் போகாதவர்கள்

2002ஆம் ஆண்டு வசந்தத்தில் என் பாஸ்போர்ட் முடிய மூன்று கிழமைகள், இருபத்தொரு நாட்கள்தான், இருந்தன. அதைப் புதுப்பிக்காவிட்டால் ஹம்பேர்க்கில் விசா நீட்டமாட்டார்கள். விசா இல்லாவிட்டால் ஹோட்டல் சலவைக்கூடத்தில் எனக்கு வேலையும் இல்லை.

யாரையாவது கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் விவரம் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. இலங்கைத் தூதரகத்துக்குப் போனவளை எங்கள் ஆட்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். ஊரில் குண்டு போட்ட அரசாங்கத்தின் வாசல் அது. ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து தேத்தண்ணி ஊற்றும்போது கொறற்றி அக்கா உரத்துச் சொல்லுவா: "அங்க போய்ப் பல்லிளிக்கிறதுகளுக்கு வெக்கமில்லையோ?" நான் பிஸ்கட் தட்டைப் பார்த்தபடி தலையாட்டுவேன்.

ஆகவே புருசன் அம்புறோஸிடம் மட்டும் சொன்னேன். அவர் கேட்டார்:

"பத்து வருசத்துக்கு முன்னம் உன்னைப் பானுக்குக் கூட்டிக்கொண்டு போனனான்தானே? வழி தெரியுமோ?"

"ஓமோம், தெரியும்."

அன்று பான் நகரத்தில் இருந்த தூதரகத்துக்கு அவர் பின்னால் தலை குனிந்தே நடந்திருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பேக்கரியின் படியும் அவருடைய சப்பாத்தும்தான்.

மாதா திருவிழாவுக்கு உடுத்தும் நீலச் சேலையோடு ஐந்து மணித்தியாலம் ரயிலில் போனேன். பேக்கரி இருந்தது. பக்கத்து வீட்டில் கொடிக்கம்பமும் இருந்தது, கொடிதான் இல்லை. மணியை அழுத்த வெட்கப்பட்டு நின்றேன். யாரோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே போக, பின்னாலேயே நுழைந்து கதிரையில் இருந்தேன். முக்கால் மணித்தியாலம் கழித்து வெள்ளை உடுப்புப் பெண் வந்து அட்டை கேட்டாள். பாஸ்போர்ட்டை நீட்டினேன்.

அது பல் டாக்டரின் இடம்.

அவள் சிரிக்கவில்லை, நல்ல பெண். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்கக் கொடி பறந்ததாம். ஜேர்மன் அரசாங்கம் பானிலிருந்து பெர்லினுக்கு மாறியதும் தூதரகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போய்விட்டனவாம். அரசாங்கத்தின் பெட்டிகள் லொறியில் ஏறுவதை நான் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறேன். உடுப்பு மடித்துக்கொண்டே பார்த்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற என் மூளைக்கு, மந்திரிமார் போனால் தூதரகமும் போகும் என்று எட்டவில்லை.

அடுத்த கிழமை அதே சேலையோடு பெர்லினுக்குப் போனேன். காத்திருக்கும் அறையில் ஒருவர் பிள்ளையின் பிறப்பைப் பதிய வந்திருந்தார். ஒரு முதியவர் ஊர்ப் பென்சனுக்காகத் தான் இன்னும் உயிரோடு இருப்பதாகக் கடிதம் வாங்க வந்திருந்தார். மூலையில் ஒருவர் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்து வைத்திருந்தார்.

என் முறை வந்தது. யன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பழைய படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது நீங்களோ?"

"ஓம். அப்ப மெலிவு."

"உங்களைத் தெரிஞ்ச ஆர் எண்டாலும் வந்து கையெழுத்து வைக்கோணும். இண்டைக்கு ஏலாட்டி அடுத்த மாசம் வாங்கோ."

அடுத்த மாதம் விசா இருக்காது. எவருக்கும் தெரியாமல் வந்த என்னை இந்தப் பெரிய நகரத்தில் யாருக்குத் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். மூலையில் பேப்பர் இன்னும் மேலே உயர்ந்தது. அதற்குக் கீழே தெரிந்தது, ஞாயிறுதோறும் தேத்தண்ணி மேசையடியில் நான் பார்க்கும் சப்பாத்து. நான் மனிதரைக் காலில்தான் அடையாளம் பிடிப்பேன்.

"கொறற்றி அக்கா," என்றேன். என் வாழ்நாளிலேயே அன்றுதான் அவ்வளவு சத்தமாகப் பேசியிருப்பேன்.

பேப்பர் இறங்க நேரம் எடுத்தது. அவவுடைய கையிலும் ஒரு பாஸ்போர்ட் இருந்தது.

"ஏனடி இப்பிடிக் கத்துறாய்? ஊரைக் கூப்பிடப் போறியோ?" எழுந்து வந்து யன்னலில் குனிந்தா. "இவள் பிளோறன்ஸ்தான். பன்ரண்டு வருசமாத் தெரியும். இந்தச் சேலையையும் தெரியும்." கையெழுத்தை அழுத்தி வைத்தா.

திரும்பும் ரயிலில் ஒன்றாக இருந்தோம். தன் வெண்ணெய் பூசிய பாணில் பாதியைத் தந்தா. ஹம்பேர்க் நெருங்கும்போது சொன்னா:

"ஞாயிற்றுக்கிழமை நான் வழமைபோலத்தான் கதைப்பன். நிப்பாட்டினா ஏன் எண்டு கேப்பினம். ஒண்டும் நினையாத."

"இல்லை அக்கா."

அந்த ஞாயிறு வழமையைவிட உரத்துத்தான் கதைத்தா. எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியது நான்தான். புதுப் பாஸ்போர்ட் கைப்பையில் இருந்தது.