'சும்மா'வுக்கு என்ன எண்?

அப்பா போய் நாற்பத்து மூன்று நாள். எனக்கு எதையும் எண்ணில்தான் சொல்ல வரும். பம்பு டிசைன் செய்கிறவன்.

அப்பாவும் எண்காரர்தான். வீடு வீடாகப் போய் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டு எழுதுவார். படிவத்தில் மூன்று எண்கள். போன வாரம் சம்பாத்தியத்துக்காக ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் ஒன்று; வேலை இருந்து லீவில் இருப்பவரும் ஒன்றுதான். வேலை இல்லை, ஆனால் தேடுகிறார், கிடைத்தால் உடனே கிளம்பிவிடுவார் என்றால் இரண்டு. தேடவே இல்லை என்றால் மூன்று.

ஒன்று விழுந்தவர்களையும் இரண்டு விழுந்தவர்களையும் கூட்டி, அதில் நூற்றுக்கு எத்தனை பேர் இரண்டு என்று பார்த்தால் அதுதான் வேலையின்மை விகிதம். மூன்று கணக்கிலேயே வராது. ஆட்கள் அலுத்துப்போய்த் தேடுவதை விட்டாலும் விகிதம் இறங்கும். பேப்பரில் படிக்கிறவருக்கு ஊர் செழிப்பது போலத் தெரியும்.

அப்பா முதலில் பார்ப்பது இருபத்தைந்து தாண்டிய ஆண்களின் விகிதத்தை. "படிக்கிற பசங்க வேலைக்கு வருவாங்க, போவாங்க. குடும்பஸ்தன் வேலை தேடித் தெருவுல இறங்கினா, எங்கயோ மெஷின் நின்னுபோச்சுன்னு அர்த்தம்டா."

பாட்டில் தொழிற்சாலை மூடிய வருடம், அவர் கணக்கெடுத்த தெருக்களில் அந்த விகிதம் பதினொன்று. பக்கத்துத் தெருக்களில் நான்கு. தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பக்கமும்தான் இருந்தார்கள்.

சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார். "என்ன அண்ணே, வீட்டுல உக்காந்து நிரப்பினீங்களா?" அவரே கூட வந்து பத்து வீட்டில் மறுபடி கேட்பாராம். தப்பு இருந்தால் அப்பாவின் ஒப்பந்தம் அதோடு சரி. அப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

"ஊருக்கெல்லாம் ரெண்டு போட்டீங்களே, இப்ப உங்களுக்கே ரெண்டு விழப்போகுது" என்றாள் அம்மா.

"தேடினாத்தாண்டி ரெண்டு. நான் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கப்போறேன். மூணு."

சிரித்தபடிதான் சொன்னார். மறுநாள் காலை சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீட்டில் பாட்டில் தொழிற்சாலை ஃபிட்டர். "வேலை தேடினீங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"இல்ல சார். சும்மாதான் இருக்கேன்."

அப்பா இவருக்கு எழுதியிருந்தது இரண்டு. சூப்பர்வைசர் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று என்று எழுதப் பேனாவைப் படிவத்தில் வைத்தார்.

அப்பா வாசலைப் பார்த்தார். "சும்மா இருக்கிற ஆளுக்குச் செருப்பு ஏன் தம்பி இப்படித் தேயுது?"

ஃபிட்டர் சிரித்துவிட்டார். "அதை ஏண்ணே கேக்குறீங்க! திங்கக்கிழமை சோடா கம்பெனி. புதன்கிழமை ரெண்டு லேத் பட்டறை. நேத்து மச்சான் சொன்னான்னு ஒரு குடோன். அங்க வாட்ச்மேன் தண்ணி குடுத்தாரு, அவ்வளவுதான்."

"பின்ன தேடலைன்னீங்க?" என்றார் சூப்பர்வைசர்.

"கிடைச்சாதானே சார் தேடினேன்னு வெளிய சொல்ல முடியும்?"

சூப்பர்வைசரின் பேனா நின்றது. இரண்டு.

நான்காவது வீட்டுக்காரரும் சும்மாதான் இருந்தார். "சும்மான்னா?" என்றார் அப்பா. மூன்று மணி நேரம் உட்கார்ந்து இரண்டு ஃபேன் ரிப்பேர் செய்து காசு வாங்கியிருந்தார். அப்பா அவருக்கு ஏற்கெனவே ஒன்று போட்டிருந்தார். விகிதத்தை ஏற்றுகிற ஆள் இதைச் செய்வாரா?

பத்து வீட்டிலும் அப்பா எழுதிய எண்ணே வந்தது. ஒப்பந்தம் தப்பியது. பிறகு பக்கத்துத் தெருக்களுக்கும் சூப்பர்வைசர் ஆள் அனுப்பி 'சும்மான்னா?' என்று கேட்கவைத்தார். நான்கு, ஒன்பதாக ஏறியது. "உங்களால மேலிடத்துல எனக்குத்தான் அண்ணே திட்டு" என்றாராம். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

நேற்று எங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் டேப்லெட். வீட்டில் எத்தனை பேர் என்றாள். மூணு என்று வாய்வரை வந்துவிட்டது.

"ரெண்டு."

"போன வாரம் ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா சார்?"

"இல்ல. சும்மாதான் இருக்கேன்."

அவள் திரையைப் பார்த்துப் படித்தாள். "'சும்மா என்று பதில் வந்தால் மறுபடி கேட்கவும்'னு போட்டிருக்கு. சும்மான்னா சார்?"

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "நல்லா கேளும்மா. லீவு போட்டுட்டு உக்காந்திருக்கான். இவன் ஒன்னு!"