பனியின் மேல் போட்ட பழி

கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். காலையில் தலைக்குத் தடவத் தேங்காயெண்ணெய்ப் புட்டியைச் சாய்த்தேன். ஒரு சொட்டும் இறங்கவில்லை. உள்ளே மெழுகைப் போல வெளுத்து உறைந்து கிடந்தது. சிறுமலையில் பனி இறங்கிவிட்டது என்பதற்கு எங்கள் வீட்டில் அதுவே முதல் அடையாளம். கீழே திண்டுக்கல்லில் அதே நேரத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். இங்கோ வாழையிலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை, மழைதானோ என்று எண்ணும்படி இருந்தது. வாசலுக்கு எதிரே மிளகுக்கொடி படர்ந்த மரங்கள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். அலுப்பாக இருந்தது. மாசி வெயில் வரும்வரை என் மனைவியின் மூச்சோடு இன்னொரு முறை போராட வேண்டும்.

பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் மலைக்கு வந்து அது மூன்றாவது பனிக்காலம். எனக்கு எழுபத்திரண்டு வயது, அவளுக்கு அறுபத்தெட்டு. நகரத்து இரைச்சல் இல்லாத இடத்தில், பதிகங்களைப் பொருளுணர்ந்து பண்ணோடு பாடி, எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டும் என்பது என் விருப்பம். நாலு வாழை வைக்க வேண்டும், கோழி வளர்க்க வேண்டும் என்பது அவள் விருப்பம். இரண்டுமே நிறைவேறின. ஆனால் முதற்பனியிலேயே அவளுக்கு இளைப்பு கண்டது. அடுத்த ஆண்டு வலுத்தது. பனியோடு வந்து பனியோடு விலகும் நோய்க்குப் பனியைத் தவிர வேறு எதைக் காரணம் சொல்வது? எனக்கு ஐயமே எழவில்லை.

ஆகவே இம்முறை பனியை வீட்டுக்குள் விடுவதில்லை என்று தீர்மானித்தேன். கம்பளிகளை உதறி எடுத்தேன். விறகை ஒழுகாத பக்கமாக மாற்றி அடுக்கினேன். வெந்நீர் வைக்கப் பின்புறம் அடுப்பு இருந்தது. பிறகு பழைய வேட்டிகளை நீளநீளமாகக் கிழித்து, சன்னல் இடுக்குகளில் கத்தி முனையால் திணித்தேன். கதவடியில் சாக்கைச் சுருட்டி வைத்தேன். மேலே காற்று வரும் துவாரங்களை அட்டை வைத்து ஒட்டினேன். இரண்டறை வீட்டுக்கு இரண்டு நாள் வேலை. தோள்பட்டை ஒரு வாரம் வலித்தது.

அடுத்த தோட்டத்துக்காரம்மா மிளகுக்கொடி பார்த்துவிட்டு அவ்வழியே வந்தவர், வேலி ஓரம் நின்றார்.

"என்னய்யா, உள்ள பொதையல் எதுவும் கெடக்கா? இப்பிடி அடைக்கிறீங்க?"

"பனி உள்ள வரக்கூடாதும்மா."

"பனி என்ன பாம்பா, இடுக்குல நொழைய?"

என் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகு இன்னும் இறுக்கமாகத் திணித்தேன்.

என் வழிபாடு விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். பச்சைத் தண்ணீரில் குளித்து, விளக்கேற்றி, சிரட்டைக் கரியைக் கனலவைத்துத் தூபக்காலில் இட்டு, அதன்மேல் சாம்பிராணியைத் தூவி, பிறகு பாட அமர்வேன். ஐம்பது ஆண்டுப் பழக்கம். கோடையில் கதவுகளைத் திறந்து வைத்திருப்பேன். பனிக்காலத்தில் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, சாம்பிராணியை இரு மடங்கு போடுவேன். ஈரத்தை விரட்டும், நெஞ்சுச் சளியை முறிக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அதை அவளுக்கு மருந்தாகவும் இறைவனுக்குத் தூபமாகவும் நினைத்தேன். அறை வெண்மையாக நிறைந்து, சுடர் மட்டும் தெரியும் அந்தப் பொழுதில் என் குரல் உருகும். அவள் அப்போது கோழிக்குத் தீனி போடுவதாகச் சொல்லிப் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

கார்த்திகை முடியுமுன் அவளால் பத்து அடி நடக்க முடியவில்லை. காலைப் பேருந்தில் வளைவு வளைவாக இறங்கித் திண்டுக்கல்லுக்குப் போனோம். மருத்துவர் இளம்பெண். முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"வீட்ல வெறகடுப்பாம்மா?"

"வெந்நிக்கு மட்டுந்தான். அதுவும் வெளிய. சமையலு கேஸுல."

"யாராச்சும் பீடி, சிகரெட்டு?"

அவள் என்னைப் பார்த்தாள். "இவரா? டீயே குடிக்க மாட்டாரு."

"வேற ஏதாவது புகை?"

"எங்க வீட்டுல அதுக்கெல்லாம் எடமே இல்ல டாக்டர்," என்றேன் நான். சற்றுப் பெருமையோடுதான் சொன்னேன்.

மருத்துவர் மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து ஒன்று எழுதிக் கொடுத்தார். "நெஞ்சு ரொம்ப அடைச்சிருக்கு. இப்பிடியே போனா ஆக்சிஜன் வைக்கிற நெலைமை வந்துரும். மார்கழிக்கு முன்னாடி கீழ வந்துருங்கய்யா," என்றார்.

திரும்பும் பேருந்தில் அவள் சன்னலோரம் அமர்ந்திருந்தாள். "நா வரல," என்றாள். "கோழிய யாரு பாக்குறது?" அதற்கு மேல் பேச மூச்சில்லை. மறுநாளே நகரத்தில் வாடகை வீடு பார்க்கச் சொல்லித் தெரிந்தவரிடம் தொலைபேசியில் பேசினேன். மலையை விட்டுப் போவதில் எனக்கு வருத்தம்கூட வரவில்லை. அவ்வளவு களைத்திருந்தேன்.

அந்த வாரம் எனக்கே காய்ச்சல் வந்தது. மூன்று நாள் எழுந்திருக்க முடியவில்லை. அவள் விளக்கை மட்டும் ஏற்றிக் கும்பிட்டாள். மூன்றாம் நாள் அவள் வாழைப்பூ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவிலிருந்து ஏறி வந்ததைக் கட்டிலில் கிடந்தபடி பார்த்தேன். நிற்காமல் ஏறி வந்தாள். புதிய மருந்து வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன். வெளியே பனி முன்பைவிடக் கனத்திருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

நான்காம் நாள் எழுந்து குளித்தேன். மூன்று நாள் குறைக்கும் சேர்த்துச் சாம்பிராணி போட்டேன். நாலைந்து பாடல் முடிந்திருக்கும். பின்புறம் இருமல் கேட்டது, நிற்காத இருமல். பாட்டை விட்டு எழுந்து கதவைத் திறந்தேன். கோழிக்கூண்டின் அருகே, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, கொட்டும் பனியில் அவள் குனிந்து நின்றாள். அடுத்த தோட்டத்துக்காரம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இந்தா, பனியில நின்னு சாகணுமா?" என்றேன்.

"சாகக்கூடாதுன்னுதான்ய்யா அக்கா வெளிய நிக்கிது," என்றார் அந்த அம்மா. "தெனமும் நீங்க பாடி முடிக்கிற மட்டும் இங்கதான். அஞ்சு கோழிக்கு அம்புட்டு நேரம் தீனி போடுற ஆள நா கண்டதில்ல."

"ஏன்?"

"ஏனா? செத்த திரும்பித்தான் பாருங்களேன். வாழத்தாருக்குப் பொகமூட்டம் போட்டுப் பழுக்க வைக்கிற மாதிரில்ல அக்காவப் பழுக்க வச்சிருக்கீங்க."

திரும்பிப் பார்த்தேன். நான் திறந்துவிட்ட கதவு வழியாக என் வழிபாட்டறை வெளியே வந்துகொண்டிருந்தது. பனி குளிர்ந்து, தூய்மையாக, அசையாமல் நின்றது. இந்தப் புகையோ மஞ்சள் கலந்து, நிலைப்படியின் மேற்பாதியை மறைத்துக்கொண்டு உருண்டு வந்தது. ஐம்பது ஆண்டுகளில் அதை வெளியிலிருந்து நான் பார்த்ததே இல்லை.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று அவளிடம் கேட்டேன்.

"சாமிக்குப் போடுறத வேணாம்னு எந்த வாயால சொல்ல?"

"டாக்டர் கேட்டாங்கல்ல?"

"அவுங்க கேட்டது பீடிய." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கும் அப்பத் தோணல. இருமல் வருதேன்னு வெளிய வருவேன், அம்புட்டுத்தான். நீங்க படுத்துக் கெடந்தீகளே, அப்பத்தான் தெரிஞ்சது. நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு நா நீங்க எந்திரிக்காட்டியும் பரவால்லன்னு ஒரு நெனப்பு வந்துருச்சு. அதுக்குத்தான் அழுக வந்துச்சு."

அந்த அம்மா வேலியைத் தாண்டிப் போனார்.

மருத்துவரிடம் தொலைபேசியில் சொன்னேன். உடனே நிறுத்தச் சொன்னார். கீழே வருவதை ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம், ஆனால் இதுவரை கெட்டது முழுவதும் சரியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். சன்னல் இடுக்குகளிலிருந்து வேட்டிக் கிழிசல்களை உருவி எடுத்தேன். திணிக்க இரண்டு நாள் ஆனது. எடுக்க அரை மணிதான். மூச்சுக்குள் மூச்சாக நிற்பவன் என்று இறைவனைப் பாடாத நாளில்லை. பக்கத்தில் ஒரு மூச்சு திணறியது என் செவியில் விழவில்லை. பாடுகிறவனுக்கு அவன் குரல் மட்டுமே கேட்கும் போலும்.

மறுநாள் விடியலில் விளக்கை மட்டும் ஏற்றினேன். கைகள் செய்வதற்கு ஏதுமின்றி மடியில் கிடந்தன. தூபமில்லாத வழிபாடு குறையுடையதுதானோ என்ற அச்சம் போகவில்லை. இன்றும் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அவள் வந்து சுவரோரம் சாய்ந்து அமர்ந்தாள். மலைக்கு வந்தபின் பனிக்காலத்தில் அவள் அங்கே அமர்ந்தது அதுவே முதல் முறை.

பாடத் தொடங்கினேன். ஒவ்வோர் அடியின் முடிவிலும் அவள் நெஞ்சில் விசில் போன்ற ஒலி கேட்டது. இரண்டு பாடலுக்கு மேல் என்னால் முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

"என்ன, நின்னுட்டீங்க?" என்றாள்.

"உனக்கு மூச்சு வாங்குதே."

"எனக்கு மெதுவா வரும். ஒங்களுக்குத்தான் தொண்ட அடைக்குது. பாடுங்க."

பாடினேன். ஒவ்வொரு பாடலுக்கும் இடையில், அவள் மூச்சு ஒரு சீராக வரும்வரை காத்திருந்தேன். அன்று பதிகம் முடிய வெயில் ஏறிவிட்டது.