அந்த விளையாட்டில் என்னைப் போல் ஒருத்தி

சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தேன். அப்போது எல்லோருக்கும் நான் ஆண். நான் பெண் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவனுக்கு என் வயசுதான். ஆனைக்குட்டத்திலிருந்து பைக்கில் வருவான். நான் சாப்பாடு கொண்டுவராத நாளில் தன் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளுவான். நல்லவன். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் தப்பாகிவிடும்.

மதியம் சாப்பிட்டதும் கார் விளையாட்டு ஒன்று விளையாடுவோம். ஊருக்குள் காரோட்டலாம், யாரையும் இடிக்கலாம். அதையே யாரோ நம்மூர் மாதிரி மாற்றியமைத்ததை அவன் ஒருநாள் கம்ப்யூட்டரில் ஏற்றினான். டீக்கடை, ஷேர் ஆட்டோ, சிக்னல். சிக்னலில் ஒரு திருநங்கை. கார் நின்றால் கண்ணாடியருகே வந்து கைதட்டி, "என்ன மாமா?" என்று கட்டைக்குரலில் இழுப்பாள். அவளுக்கு அந்த ஒரு வசனம்தான்.

அவன் காரைப் பின்னுக்கு எடுத்து அவள்மேல் ஏற்றினான். தூரப்போய் விழுந்தவள் எழுந்து மறுபடி கைதட்டினாள். செக்ஷனே சிரித்தது.

"ஏலே, நீ ஒருதரம் ஏத்து. எம்புட்டு ஏத்துனாலும் சாக மாட்டேங்கா."

"எனக்கு வேண்டாம்லே."

"ஏம்லே, ஒனக்குச் சொந்தக்காரியா?"

இன்னும் மறுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஏற்றினேன். இரண்டாவது தடவை யாரும் சொல்லாமலே ஏற்றினேன்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் வருமுன்னே போய் அந்த விளையாட்டைத் திறந்தேன். காரைவிட்டு இறங்கி அவள் எதிரே நின்றேன். பேசுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். குத்தலாம், சுடலாம். வேறொன்றும் முடியவில்லை. நாம் யாராக விளையாடுவது என்று தேர்ந்தெடுக்கும் வரிசையில் அவள் இல்லவே இல்லை. அவளாக இருக்க ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டு வருஷம் கழித்து முடி வளர்த்தேன், காது குத்தினேன், முதலாளியிடம் நானே சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆர்டர் குடுக்குற பார்ட்டிக வந்துபோற எடம், பாத்துக்கோ" என்றார். அன்றிலிருந்து நான் நடந்தால் முதுகுக்குப் பின்னால் கைதட்டல் கேட்கும். "என்ன மாமா?" என்று அதே இழுப்பு. அவன் மட்டும் தட்டவில்லை. தட்டியவர்களை ஒன்றும் கேட்கவுமில்லை.

காலண்டர் சீசன் முடிந்ததும் வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். வீட்டில் அப்பாவும் கதவைத் திறக்கவில்லை. விருதுநகருக்கு வந்து ஓர் அறை எடுத்தேன்.

ஒரு மாலை அவன் விசாரித்துக்கொண்டு அங்கே வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

அவனுக்குப் பொய் வராது.

"தெரியல."

பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அதன்பிறகு வரவில்லை.

இப்போது அறையிலிருந்தபடியே டிசைன் செய்து அனுப்புகிறேன். ஆர்டர் கொடுப்பவர்களுக்கு நான் பெண்; அவர்களோடு பேச்செல்லாம் போனில் மெசேஜாக எழுதித்தான். இரண்டு பேர் அழைத்தபோது எடுத்து என் கட்டைக்குரலில் பேசினேன். அந்த இரண்டு ஆர்டரும் நின்றுபோயின.